1980 ஒலிம்பிக் அணியா, சீனாவை வீழ்த்திய 2014 அணியா? இந்திய கூடைப்பந்தின் 'கனவு மோதலில்' ஜெயிப்பது யார்?

சச்சினா கோலியா, எம்ஜிஆரா சிவாஜியா என்பது போல கூடைப்பந்து ரசிகர்களுக்கும் ஒரு தீராத சண்டை உண்டு. "அந்தக் காலத்து டீமும் இந்தக் காலத்து டீமும் மோதினா யார் ஜெயிப்பாங்க?"

அமெரிக்காவில் இது பல வருஷமாக ஓடும் விவாதம். இந்தியாவில் இதே கேள்வியைக் கேட்டால் இரண்டு அணிகள் கண் முன்னால் வந்து நிற்கும். ஒன்று, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடிய அணி. இன்னொன்று, 2014-ல் சீன மண்ணிலேயே சீனாவை வீழ்த்திய அணி.

இரண்டும் மோதினால் என்ன ஆகும்? ஆளாளுக்கு ஒரு பதில் வருவது ஏன்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1980: ஒரே ஒரு ஒலிம்பிக்

இந்திய கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒரு முறைதான். அது 1980 மாஸ்கோ.

ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. ஆசியாவில் இந்தியாவுக்கு முன்னால் இருந்த அணிகளும் விலகியதால் இந்தியாவுக்கு வாய்ப்பு வந்தது.

12 அணிகளில் இந்தியா 12-வது இடம். ஆடிய 7 ஆட்டங்களிலும் தோல்வி. சோவியத் அணியிடம் 121-65 என்ற கணக்கில் தோற்றது. அந்தத் தொடரில் இந்தியாவுக்காக அதிக புள்ளிகள் எடுத்தவர் அஜ்மீர் சிங். பின்னாளில் அர்ஜுனா விருது வாங்கியவர்.

இந்த அணியைப் பற்றி இன்று யாரும் பேசாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதே மாஸ்கோவில்தான் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. அந்தக் கொண்டாட்டத்தில் கூடைப்பந்து காணாமல் போய்விட்டது.

2014: வூஹானில் நடந்தது என்ன?

2014 ஜூலை. சீனாவின் வூஹான் நகரில் ஃபிபா ஆசிய கோப்பை. எதிரே, ஆசிய சாம்பியன்ஷிப்பை அதிக முறை வென்ற சீனா. அரங்கம் முழுக்க அவர்களுடைய ரசிகர்கள்.

ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர்: இந்தியா 65, சீனா 58.

பயிற்சியாளர் அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்காட் ஃபிளெமிங். அணியில் விஷேஷ் பிருகுவன்ஷி, அம்ஜோத் சிங், அம்ரித்பால் சிங் இருந்தார்கள். 2017-ல் இந்த மூவருக்குமே வெளிநாட்டு கிளப்புகளில் ஒப்பந்தம் கிடைத்தது. அம்ரித்பால் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ், விஷேஷ் அங்கேயே அடிலெய்டு 36-அர்ஸ். அம்ஜோத் என்பிஏ-வின் துணை லீக்கான ஜி லீக்கில் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ.

அதே 65 புள்ளிதான்... ஆனா கதை வேற!

கவனித்தீர்களா? 1980-ல் சோவியத்துக்கு எதிராக இந்தியா எடுத்தது 65. 2014-ல் சீனாவுக்கு எதிராக எடுத்ததும் 65.

இரண்டு ஆட்டமும் 40 நிமிடம்தான். ஒன்றில் 56 புள்ளி வித்தியாசத்தில் படுதோல்வி. இன்னொன்றில் 7 புள்ளி வித்தியாசத்தில் வெற்றி.

சோவியத் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்தது 186. அதில் இந்தியாவின் பங்கு 35 சதவீதம். சீனா ஆட்டத்தில் மொத்தம் 123. அதில் இந்தியாவின் பங்கு 53 சதவீதம்.

ஸ்கோர் போர்டில் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்து இரண்டு காலத்தை ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எண் ஒன்றுதான். எதிரி யார், ஆட்டத்தின் வேகம் என்ன, விதி என்ன என்பதைச் சேர்த்தால்தான் அதற்கு அர்த்தம் வரும்.

விதிகளில் என்னவெல்லாம் மாறியது?

1980-ல் ஆடியதும் 2014-ல் ஆடியதும் பெயரளவில்தான் ஒரே விளையாட்டு. முக்கிய மாற்றங்கள் இவை:

- மூன்று புள்ளி கோடு: 1980 ஒலிம்பிக்கில் கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் 2 புள்ளிதான். சர்வதேச கூட்டமைப்பான ஃபிபா இதை 1984-ல் கொண்டுவந்தது. ஒலிம்பிக்கில் முதலில் வந்தது 1988 சியோலில். அப்போது தூரம் 6.25 மீட்டர். 2010-ல் 6.75 மீட்டர் ஆனது.
- ஷாட் கிளாக்: பந்து கைக்கு வந்தபின் கூடைக்கு எறிய 1980-ல் 30 விநாடி அவகாசம். 2000-ல் இது 24 விநாடியாகக் குறைந்தது.
- ஆட்ட நேரம்: அப்போது 20 நிமிடமாக இரண்டு பாதி. இப்போது 10 நிமிடமாக நான்கு கால் பகுதி.
- கூடைக்குக் கீழே உள்ள கட்டம்: எதிரணி கூடைக்குக் கீழே உள்ள இந்தக் கட்டத்துக்குள் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. முன்பு இது கூடைப் பக்கம் அகலமாக விரிந்து, சரிவகமாக இருந்தது. 2010-ல் செவ்வகமாகி, அடிப்பக்கம் குறுகியது.

கடைசி மாற்றம் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் உயரமான ஆட்டக்காரருக்கு இது பெரிய விஷயம். கட்டம் அகலமாக இருந்தால் அவர் கூடையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். குறுகினால் பக்கத்திலேயே நின்று பந்தை வாங்கலாம்.

எந்த விதியில் யாருக்கு லாபம்?

இங்கேதான் விவாதம் சூடு பிடிக்கிறது.

1980 விதியில் ஆடினால்: 2014 அணிக்கு மூன்று புள்ளி என்ற ஆயுதமே இருக்காது. கட்டம் அகலம் என்பதால் 6 அடி 11 அங்குல அம்ரித்பாலும் கூடையை விட்டுத் தள்ளித்தான் நிற்க வேண்டும். 30 விநாடி இருப்பதால் பழைய அணி பந்தை நிதானமாகக் கை மாற்றி, நல்ல இடம் பார்த்து ஷாட் எடுக்கலாம்.

2014 விதியில் ஆடினால்: 24 விநாடி வேகம் பழைய அணிக்குப் பழக்கமில்லாதது. அம்ரித்பாலுக்குக் கூடை பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒரு திருப்பம் உண்டு. பழைய அணியில் தூரத்திலிருந்து குறி தவறாமல் போடுகிற ஆள் இருந்தால், அவருடைய ஒவ்வொரு ஷாட்டுக்கும் இப்போது ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.

அப்படி ஒருவர் கோட்டுக்கு வெளியே இருந்து 7 ஷாட் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980 விதியில் அது 14 புள்ளி. 2014 விதியில் 21. வித்தியாசம் 7. வூஹானில் இந்தியா ஜெயித்ததும் அதே 7 புள்ளி வித்தியாசத்தில்தான்!

ஆக, "யார் ஜெயிப்பாங்க" என்பதற்கு முன்னால் "எந்த விதியில்" என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் தொடங்குகிற சண்டை முடியவே முடியாது.

ஆல் டைம் டீம் எடுத்தால்?

ஒரு குறிப்பிட்ட தொடரில் ஆடிய அணி வேண்டாம், அந்தந்தக் காலத்தின் சிறந்த ஐந்து பேர் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதையும் பார்த்துவிடலாம்.

பழைய ஐந்து (அர்ஜுனா விருது ஆண்டுடன்):

- சரப்ஜித் சிங் (1961)
- குஷி ராம் (1967)
- குலாம் அப்பாஸ் முன்தாசிர் (1970)
- ஹனுமான் சிங் (1975)
- அஜ்மீர் சிங் (1982)

சரப்ஜித் சிங் விருது பெற்ற 1961-தான் அர்ஜுனா விருது தொடங்கிய ஆண்டு. குஷி ராம் ஷூட்டிங்குக்குப் பேர் போனவர். முன்தாசிர், மும்பையில் கூடைப்பந்தின் கோட்டையான நாக்பாடாவில் இருந்து வந்தவர்.

புதிய ஐந்து:

- விஷேஷ் பிருகுவன்ஷி
- அம்ஜோத் சிங்
- அம்ரித்பால் சிங்
- சத்னம் சிங்
- பிரின்ஸ்பால் சிங்

7 அடி 2 அங்குலம் உயரமுள்ள சத்னம், 2015 என்பிஏ டிராஃப்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் தேர்ந்தெடுத்தவர். இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் ஆள். பிரின்ஸ்பால், 2021-ல் என்பிஏ சம்மர் லீக் வென்ற சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் இருந்தவர்.

பேப்பரில் பார்த்தால் புதிய அணி மலை மாதிரி தெரியும். ஆனால் ஒரு கேள்வி: பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தப்போவது யார்?

ஐந்து பேரில் விஷேஷ் மட்டும்தான் கார்டு. மற்ற நால்வரும் கூடை பக்கம் ஆடும் உயரமான ஆட்கள். எதிரணி விஷேஷை மட்டும் இரண்டு பேர் வைத்து மடக்கினால் பந்து முன்னாடி நகராது. நான்கு விக்கெட் கீப்பரை வைத்து கிரிக்கெட் டீம் போட்ட கதை ஆகிவிடும்.

கனவு அணி போடும் பலரும் செய்கிற தவறு இது. பெயரைப் பார்த்து எடுப்பார்கள், வேலையைப் பார்த்து எடுக்க மாட்டார்கள். சத்னமை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த தமிழ்நாட்டு வீரர் மொயின் பேக் ஹஃபீஸைக் கொண்டுவந்தால் பெயரின் பளபளப்பு குறையும். ஆனால் அணி ஓடும்.

பாய்மரமும் இன்ஜினும்: ஆலந்தலையில் இருந்து ஒரு கணக்கு

இரண்டு காலத்து ஆட்களை எப்படித்தான் நியாயமாக ஒப்பிடுவது? இதற்குக் கூடைப்பந்தைவிடக் கடல் நல்ல விளக்கம் தரும்.

திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மீனவ ஊர் ஆலந்தலை. தூத்துக்குடி கடற்கரையின் மற்ற ஊர்களைப் போலவே இங்கேயும் ஒரு தலைமுறை பாய் விரித்த வள்ளத்தில் கடலுக்குப் போனது. காற்றைப் பார்த்து, நீரோட்டம் பார்த்து, கரையில் தெரியும் கோயில் கோபுரத்தை அடையாளம் வைத்துத் திரும்பி வந்தது. அடுத்த தலைமுறை ஃபைபர் படகு, அவுட்போர்டு மோட்டார், ஜிபிஎஸ் கருவியோடு போகிறது.

தாத்தாவின் ஒரு நாள் மீன்பாட்டையும் பேரனின் ஒரு நாள் மீன்பாட்டையும் எடை போட்டு, "யார் நல்ல மீனவர்?" என்று தீர்ப்பு சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் வேறு இரண்டு கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று, டைம் மிஷின் கேள்வி. தாத்தாவை அப்படியே தூக்கிவந்து இன்றைய படகில் ஏற்றினால்? முதல் நாள் மோட்டாரைக் கிளப்பவே தடுமாறுவார். பேரனைப் பாய்மர வள்ளத்தில் ஏற்றினால்? அவரும் தடுமாறுவார்.

இரண்டு, பிறப்புக் கேள்வி. தாத்தா இந்தக் காலத்திலேயே பிறந்து, சின்ன வயதில் இருந்தே மோட்டார் படகில் வளர்ந்திருந்தால்? காற்றையும் நீரையும் படிக்கிற அந்த மூளைக்கு ஜிபிஎஸ்ஸும் சேர்ந்திருந்தால்? அப்போது கதையே வேறு.

கூடைப்பந்திலும் இதே இரண்டு கேள்விகள்தான். குஷி ராமை 1967-ல் இருந்து அப்படியே கொண்டுவந்தால் அவருக்கு மூன்று புள்ளி கோடு என்றால் என்னவென்றே தெரியாது. அவரே 2000-ல் பிறந்து, அந்தக் கோட்டைப் பார்த்தே பயிற்சி எடுத்திருந்தால்? சண்டை போடுகிற இருவரில் ஒருவர் முதல் கேள்விக்கும், மற்றவர் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இரண்டு பேருமே தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக நினைக்கிறார்கள்.

உலகமும் இதே சண்டைதான் போடுகிறது

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்க அணிக்குப் பெயரே 'ட்ரீம் டீம்'. மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லாரி பேர்டு என நட்சத்திரப் பட்டாளம். 8 ஆட்டங்களிலும் வெற்றி. சராசரி வித்தியாசம் சுமார் 44 புள்ளி.

20 வருஷம் கழித்து 2012-ல், "எங்கள் அணி அவர்களை ஜெயிக்கும்" என்ற பொருளில் கோபி பிரையன்ட் சொன்னார். ஜோர்டன் அதைச் சிரித்தே ஒதுக்கினார். 2012 அணியும் தங்கம் வென்றது. ஆனால் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 107-100 என்றுதான் ஜெயிக்க முடிந்தது.

அப்போ 1992 அணிதான் பெருசா? அவசரப்பட வேண்டாம். 1992-ல் மற்ற நாடுகளில் என்பிஏ ஆட்டக்காரர்கள் சிலரே இருந்தார்கள். 2012 ஸ்பெயின் அணியிலோ காசோல் சகோதரர்கள் உட்பட என்பிஏ அனுபவம் உள்ளவர்கள் பலர். எதிரி வலுவானால் வித்தியாசம் குறையும்.

என்பிஏ-விலும் ஒரு பிரபலமான ஜோடி உண்டு. 1995-96 சிகாகோ புல்ஸ் 82 ஆட்டங்களில் 72 வெற்றி. 2015-16 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 73 வெற்றி. சாதனை வாரியர்ஸுக்கு. ஆனால் புல்ஸ் அந்த வருஷம் சாம்பியன். வாரியர்ஸ் இறுதித் தொடரில் 3-1 என முன்னிலையில் இருந்தும் கிளீவ்லாண்டிடம் கோப்பையை விட்டது.

ஆட்டம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு எண் போதும். மூன்று புள்ளி கோடு என்பிஏ-வுக்கு வந்த 1979-80 சீசனில் ஒரு அணி ஆட்டத்துக்கு சராசரியாக எடுத்த மூன்று புள்ளி முயற்சி 3-க்கும் குறைவு. இப்போது அது 35-ஐத் தாண்டிவிட்டது.

பெண்கள் அணியை ஏன் மறக்கிறோம்?

'ஆல் டைம் இந்தியா' என்று தொடங்கும் பட்டியல்கள் பெரும்பாலும் ஆண்களோடு முடிந்துவிடுகின்றன. இது சரியில்லை.

கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் கிளப் ஆட்டம் ஆடியவர். 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ அணிகள் தேர்வு முகாமுக்கு அழைத்தன. சத்னம் டிராஃப்டில் தேர்வாவதற்கு 4 வருஷம் முன்பே நடந்தது இது.

தமிழ்நாட்டின் அனிதா பால்துரை, இந்திய பெண்கள் அணியின் கேப்டனாக இருந்தவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். கீத்துவும் அனிதாவும் ஒரே அணியில் நின்றால், எந்தக் காலத்து இந்தியப் பெண்கள் அணிக்கும் அது சவால்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன பங்கு?

கூடைப்பந்து பிறந்தது 1891-ல், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில். கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பீச் பழக்கூடையை மாட்டித் தொடங்கிய ஆட்டம் அது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். அங்கே படித்த உடற்கல்வி ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கு வேலைக்குப் போனார்கள். ஆட்டம் பிறந்த இடத்தில் இருந்து தமிழ்நாட்டுப் பள்ளி மைதானம் வரை நேரடியாகவே ஒரு கோடு போடலாம்.

நீங்களே கனவு மோதல் நடத்துவது எப்படி?

நண்பர்களோடு உட்கார்ந்து பேச கோர்ட் தேவையில்லை. இந்த ஐந்து விஷயங்களை முதலில் பேசி முடிவு செய்துவிட்டால் போதும், பாதி சண்டை குறையும்:

1. எந்த விதி? பழையதா, புதியதா? ஒத்துவரவில்லை என்றால் முதல் பாதி பழைய விதி, அடுத்த பாதி புதிய விதி என்று பிரித்துக்கொள்ளலாம்.
2. எந்தக் கேள்வி? டைம் மிஷினா, பிறப்பா?
3. எந்த வயது? ஆட்டக்காரரின் உச்சத்தையா, மொத்தக் காலத்தையா எடுத்துக்கொள்வது?
4. ஐந்து வேலைக்கும் ஆள் இருக்கா? பந்து கொண்டுவர, தூரத்திலிருந்து போட, கூடைக்கடியில் நிற்க என்று பிரித்துப் பாருங்கள்.
5. அவர் காலத்தில் அவர் எவ்வளவு மேலே? வேறு காலத்து ஆளோடு ஒப்பிடாமல், கூட ஆடியவர்களோடு முதலில் ஒப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இது காசு கட்டி ஆடும் 'ஃபேன்டஸி' ஆப் விஷயம் இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிவிட்டது. இங்கே பந்தயம் ஒரு டீயோடு நிற்கட்டும்.

சரி, கடைசியில் யார்தான் ஜெயிப்பது?

டைம் மிஷினில் ஏற்றி, 2014 விதியில், ஒரே ஒரு ஆட்டம் என்றால் 2014 அணிக்குத்தான் வாய்ப்பு அதிகம். உயரம், வேகம், வெளிநாட்டுப் பயிற்சியாளர் என எல்லாம் அந்தப் பக்கம் இருக்கிறது. 1980 விதியில் ஆடினாலும் 2014 அணி கொஞ்சம் முன்னால்தான். ஆனால் அது இழுபறி ஆட்டமாக இருக்கும்.

பிறப்புக் கேள்வி என்றால் தீர்ப்பு சொல்வது கஷ்டம். அப்போது பழைய ஆட்களுக்கும் அதே கோர்ட், அதே பயிற்சி, அதே சாப்பாடு கிடைத்திருக்கும்.

இந்த விவாதத்தில் வழக்கமாகத் தோற்பது திறமை குறைந்தவர் அல்ல, யூடியூபில் கிளிப் இல்லாதவர். விஷேஷின் ஆட்டத்தை இரண்டு நிமிடத்தில் போனில் பார்த்துவிடலாம். சரப்ஜித் சிங்கின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சொன்னால்தான் உண்டு. 'மாஸ்கோவில் எல்லா ஆட்டத்திலும் தோற்ற டீம்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிற அணிதான், இந்தியாவில் இருந்து ஒலிம்பிக் கூடைப்பந்துக்குப் போன ஒரே அணி. அதற்குப் பிறகு வந்த எந்த அணியாலும் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை.

இப்போது ஒலிம்பிக்குக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான 3x3 கூடைப்பந்து. ஒரு கூடை, அரை கோர்ட், பக்கத்துக்கு 3 பேர், ஒரு மாற்று ஆள். 10 நிமிடம், அல்லது யார் முதலில் 21 புள்ளி எடுக்கிறார்களோ அவர்கள் வெற்றி. ஷாட் கிளாக் 12 விநாடிதான். பெரிய அரங்கம் இல்லாத சின்ன ஊருக்கும் எட்டுகிற ஆட்டம் இது. அடுத்த கனவு அணியில் சேரப்போகிற பெயர் எந்தக் கடற்கரை ஊரில் இருந்தும் வரலாம்.

சுருக்கமாக:

- இந்திய கூடைப்பந்து அணி ஆடிய ஒரே ஒலிம்பிக் 1980 மாஸ்கோ.
- 2014-ல் சீனாவை 65-58 என வீழ்த்தியது. 1980-ல் சோவியத்திடம் தோற்றபோதும் எடுத்தது அதே 65.
- மூன்று புள்ளி கோடு, 24 விநாடி ஷாட் கிளாக், கட்டத்தின் வடிவம் ஆகியவை ஆட்டத்தையே மாற்றிவிட்டன.
- "யார் பெரியவர்" என்று கேட்கும் முன், "எந்த விதியில், எந்தக் கேள்விக்கு" என்று கேளுங்கள்.